பிளக் பொயின்றை மாற்றினால் பாட்டு இனிக்குமா?

இஷொயில் இருக்கும் அண்ணர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். எண்பதுகளில் டென்மார்க்குக்கு வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் உடம்பால் உழைத்து இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறார். குடி இல்லை, புகை இல்லை, பெரிய கார் இல்லை. அவருக்கிருக்கும் ஒரே ஆடம்பரம் வரவேற்பறையில் நிற்கும் பாட்டுப் பெட்டிகள்தான். தேநீர் வந்ததும் கைத்தொலைபேசியை எங்கள் பக்கம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பாருங்கோ. திரவ நைதரசனில குளிர வைச்செடுத்த பிளக் பொயின்றாம். மாட்டினால் பாடுறவர் முன்னால வந்து நிக்கிற மாதிரிக் கேக்குமாம். வாங்கலாமோ?"

ஒன்றின் விலை ஆயிரம் குரோனரைத் தாண்டியிருந்தது. அவருக்கு நான்கு தேவை. கட்டிடப் பொருள் கடையில் சாதாரண பிளக் பொயின்ற் ஒன்று நூறு குரோனருக்குள் கிடைக்கும். "வாங்காதேங்கோ" என்று உடனே சொல்லிவிடலாம்தான். ஆனால் அவருடைய மகன் அதை ஏற்கெனவே சொல்லி, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருந்தது. சொந்தக் காதை நம்பும் மனிதரிடம் "உங்கள் காது பொய் சொல்லுது" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆகவே கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம் என்று முடிவு செய்தோம். இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் குளிர் வைத்தியம் என்ன என்று பார்ப்போம். பிளக் பொயின்றை, பாடசாலையில் நாம் 'குதை' என்று படித்ததை, திரவ நைதரசனின் குளிருக்கு, அதாவது ஏறக்குறைய மைனஸ் 196 பாகை செல்சியஸ் வரை, மெதுவாக இறக்கி, பல மணித்தியாலம் வைத்திருந்து, மீண்டும் மெதுவாக அறை வெப்பத்துக்குக் கொண்டு வருகிறார்கள். உலோகத்தின் உள்ளமைப்பு இதனால் ஒழுங்காகிறது, மின்சாரம் தடங்கலின்றி ஓடுகிறது, ஆகவே இசை தெளிகிறது என்பது விற்பவர்களின் வாதம். சிலர் இதோடு தங்கம் அல்லது ரோடியம் முலாமும் பூசுகிறார்கள்.

இந்த வாதம் முழுக்கக் கற்பனை அல்ல. அதனால்தான் அது நன்றாக விற்பனையாகிறது. வெட்டும் கருவிகள் செய்யும் உருக்கை இப்படிக் குளிர வைப்பது தொழிற்சாலைகளில் உண்மையாகவே நடக்கும் வேலை. சூடாக்கித் திடீரென ஆற வைத்த உருக்கில் ஒஸ்ரெனைற் என்ற மென்மையான அமைப்பு கொஞ்சம் எஞ்சி நிற்கும். கடும் குளிரில் அது மார்ரென்சைற் என்ற கடினமான அமைப்பாக மாறும். கத்தியும் துளைப்பானும் கூடுதல் காலம் தேயாமல் உழைக்கும். ஆனால் பிளக் பொயின்றுக்குள் இருப்பது செம்பும் பித்தளையும். செம்பில் இந்த மாற்றம் நிகழ இடமே இல்லை. அந்தக் குளிரில் செம்பின் மின்தடை ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறைவது உண்மைதான், ஆனால் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் அது பழைய அளவுக்கே திரும்பிவிடும். பிளக் பொயின்றை நைதரசனுக்குள்ளேயே வைத்துப் பாட்டுக் கேட்பவர் யாரும் இல்லை.

சரி, ஏதோ ஒரு சிறு நன்மை மிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அண்ணருடைய அம்பிளிபயர் 100 வாற் இழுக்கிறது என்று கொண்டால், 230 வோல்ற்றில் அது 0.43 அம்பியர். பியூஸ் பெட்டியிலிருந்து வரவேற்பறைக்கு 15 மீற்றர் என்றால் போக வர 30 மீற்றர் வயர். 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு அது ஓம் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு தடை. அதில் இழக்கும் மின்னழுத்தம் ஏழில் ஒரு வோல்ற். நல்ல நிலையிலுள்ள பிளக் பொயின்றின் தொடுகையில் தடை சில மில்லி ஓம்தான், அங்கே இழப்பது ஒன்றிரண்டு மில்லிவோல்ற். குளிர வைத்ததால் வரக்கூடிய வித்தியாசம் அந்த மில்லிவோல்ற்றுக்குள் ஒரு சிறு துண்டு. ஐரோப்பாவில் வீட்டு மின்சாரம் 207 வோல்ற்றிலிருந்து 253 வோல்ற் வரை ஏறி இறங்கலாம் என்பதே விதி. மேல்மாடிக்காரர் அடுப்பைப் போட்டால் வரும் ஏற்ற இறக்கம் இதைவிடப் பல மடங்கு. அம்பிளிபயர் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை, சிறு சிறு வெடிப்புகளாகவே இழுக்கும், ஆகவே உச்சநேர அம்பியர் கூடும் என்று விசயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அப்போது வயரின் இழப்பும் பிளக் பொயின்றின் இழப்பும் ஒன்றாகவே கூடும், விகிதம் மாறாது.

இன்னொன்றும் உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. அது அம்பிளிபயருக்குள் மின்மாற்றியில் இறங்கி, நேர்மின்னாகத் திருத்தப்பட்டு, பெரிய கொள்ளளவிகளில் தேங்கி நின்று, அங்கிருந்துதான் பாட்டுக்குப் பயன்படுகிறது. ஆற்று வெள்ளம் குளத்தில் விழுந்து, குளத்திலிருந்து வாய்க்காலில் ஓடுவது போல.

இந்த இடத்தில் ஊர் நினைவு ஒன்று வருகிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்ட வீடுகள் எத்தனை! கை வேகமாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் உயரும், கை களைத்தால் குரல் கம்மிப்போகும். செய்தி நேரம் முழுக்கக் கை மாற்றிச் சுற்ற வீட்டில் ஆள் வேண்டும். மின்சாரத்தின் தரம் காதுக்குக் கேட்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அங்கே இடையில் குளமே இல்லை, அல்லது ஒரு கையளவு குளம்தான். இன்றைய அம்பிளிபயரில் அந்தக் குளம் பெரிது. அதனால்தான் டென்மார்க்கின் வரவேற்பறையில் பெடல் சத்தம் கேட்பதில்லை.

அப்படியானால் மாற்றியவர்கள் பலர் 'கேட்டது' என்று சொல்கிறார்களே, அவர்கள் பொய்யர்களா? இல்லை. இதை நாம் அண்ணரிடம் அழுத்திச் சொன்னோம். அவர்கள் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பது காதால் மட்டும் நடப்பதல்ல. விலை தெரியும், பெட்டியின் பளபளப்புத் தெரியும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்று முன்பே வாசித்தாயிற்று. அன்றைக்குப் பாட்டைக் கவனமாகவும் கேட்கிறோம். இரண்டு வருடமாகச் சமையலோடு சமையலாகக் கேட்ட பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டால், இதுவரை கவனிக்காத தம்புரா கேட்கத்தான் செய்யும்.

1994இல் புளொய்ட் ரூல், ஷோன் ஒலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். கேட்டவர்கள் 40 பேர், அவர்கள் ஒரு ஒலிக்கருவி நிறுவனத்தின் ஊழியர்கள். நான்கு ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணால் பார்த்தபடியும், ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். பார்த்தபடி கேட்டபோது பெரிய, அழகான பெட்டிகள் மேலே போயின. சிறிய, மலிவான பெட்டி கீழே விழுந்தது. திரை போட்டதும் அந்தச் சிறியது ஏறியது. இவர்கள் வழியால் போனவர்கள் அல்ல, அதே தொழிலில் இருப்பவர்கள்!

எங்கள் கேள்விக்கு நெருங்கிய சோதனை ஒன்றும் உண்டு. 2004இல் சான் பிரான்சிஸ்கோப் பக்கத்தில் இசைக்கருவி ஆர்வலர்கள் கூடி, ஆயிரக்கணக்கான டொலர் விலையுள்ள மின் வயரையும் சாதாரண மின் வயரையும் மறைத்து வைத்து மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மொத்தம் 149 பதில்களில் 73 சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டு எழுதியிருந்தாலும் ஏறக்குறைய அதேயளவுதான் வந்திருக்கும். அது வயர், இது பிளக் பொயின்ற் என்று சொல்லலாம். ஆனால் ஒன்றரை மீற்றர் வயரில் கேளாத வித்தியாசம் இரண்டு சென்ரிமீற்றர் பித்தளையில் கேட்கும் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர்.

இந்த விசயத்தில் டென்மார்க் சின்ன நாடு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1925இல் பாங் அன்ட் ஒலூப்சன் தொடங்கிய ஸ்ரூயர் நகரம் நம்மவர்கள் பலர் குடியேறிய ஹேர்னிங், ஹொல்ஸ்ரபுரோ பக்கம்தான் இருக்கிறது. அந்த நிறுவனமும், இங்கிலாந்தின் கெவ் நிறுவனமும், லிங்பியிலுள்ள டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1987 முதல் 1992 வரை 'ஆர்க்கிமிடீஸ்' என்ற ஆய்வை நடத்தின. அவர்கள் ஆராய்ந்தது ஸ்பீக்கரும் அறையும் ஒன்றோடொன்று எப்படி வேலை செய்கின்றன, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியில் எது காதுக்குத் தெரிகிறது என்பதை. எதிரொலியே இல்லாத அறையில் சுற்றிவரப் பல ஸ்பீக்கர்களை வைத்து, ஒரு வீட்டு வரவேற்பறையின் எதிரொலிகளைச் செயற்கையாக உண்டாக்கிக் கேட்கச் செய்தார்கள். ஐந்து வருடம், மூன்று நிறுவனங்கள், அத்தனையும் அறையைப் பற்றி.

இனி வீட்டில் எப்படிச் சோதிப்பது என்பதற்கு வருவோம். அண்ணர் இதைத்தான் அதிகம் விரும்பிக் கேட்டார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இரண்டு பிளக் பொயின்றுகளும், ஒன்று சாதாரணம் மற்றது குளிர வைத்தது, ஒரே மின்சுற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். டென்மார்க்கில் நிரந்தர மின்னிணைப்பு வேலை அனுமதி பெற்ற மின்பணியாளருக்கு உரியது, சில சிறு வேலைகளுக்குத்தான் விலக்கு உண்டு. சுவரில் எந்த வகையைப் பொருத்தலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். இணையத்தில் விற்கும் இந்தப் பொருட்களில் பல அமெரிக்க வகை. அவை 120 வோல்ற்றுக்குச் செய்தவை. அவற்றை இங்கே 230 வோல்ற்றில் மாட்டுவது இசை விசயமே அல்ல, உயிர் விசயம். வாடகை வீடென்றால் குடியிருப்புச் சங்கத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் கேட்பார், ஒருவர் மாற்றுவார். மாற்றுபவர் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் இது, தலை விழுந்தால் அது என்று முடிவு செய்வார். போன தடவை எது இருந்ததோ அதுவே மீண்டும் வந்தாலும் கழற்றித் திரும்பச் செருக வேண்டும். இல்லையென்றால் கழற்றும் சத்தமே விடையைச் சொல்லிவிடும். இரண்டு பொயின்றுகளையும் ஒரு அட்டைப் பெட்டியால் மூடி வையுங்கள். மாற்றும்போது கேட்பவர் அடுத்த அறையில் இருக்க வேண்டும். அவர் உள்ளே வர முன்பு மாற்றியவர் வெளியே போய்விட வேண்டும். இது எதற்கென்றால், பெர்லினில் கணக்குப் போட்டதாகப் பேர் பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையின் கதைதான். கேட்ட கணக்குக்குக் காலால் தட்டி விடை சொல்லும். 1907இல் ஒஸ்கார் புங்ஸ்ற் என்பவர் ஆராய்ந்து பார்த்தபோது, குதிரை பார்த்தது கணக்கை அல்ல, சரியான எண் வந்ததும் எதிரில் நின்றவர் தம்மையறியாமல் காட்டிய முக அசைவை என்று தெரிந்தது. குதிரைக்கே தெரிந்தது மனைவியின் முகத்தைப் பார்க்கும் கணவனுக்குத் தெரியாதா?

ஒலி அளவுத் திருகியை ஒரு துண்டு ரேப் ஒட்டி அசையாமல் வையுங்கள். அரை டெசிபெல் கூடினாலே மனிதக் காது அதைச் 'சத்தம் கூட' என்று எடுக்காமல் 'தெளிவு கூட' என்று எடுத்துக்கொள்ளும். ஒரே பாட்டின் ஒரே அரை நிமிடத்தை ஒவ்வொரு முறையும் போடுங்கள். நன்கு தெரிந்த பாட்டாக இருக்கட்டும், வீணையோ தனித் தவிலோ வரும் இடம் நல்லது. சோதனை தொடங்க முன்பு இது இது, அது அது என்று சொல்லிவிட்டே விரும்பிய மட்டும் கேட்டுப் பழகலாம். பிறகு 16 சுற்று. ஒவ்வொன்றுக்கும் விடையைத் தாளில் எழுத வேண்டும். கடைசிச் சுற்று முடியும்வரை சரியா பிழையா என்று யாரும் சொல்லக்கூடாது. களைத்தால் நடுவில் தேநீர் குடிக்கலாம், ஆனால் நல்ல விடை வந்துவிட்டது என்று ஒன்பதாம் சுற்றில் நிறுத்தக் கூடாது.

பதினாறில் எட்டுச் சரியென்றால் அது வெறும் ஊகம். பத்தும் ஊகத்தில் சாதாரணமாக வரக்கூடியதே. பன்னிரண்டோ அதற்கு மேலோ வந்தால், வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி நடக்க நூற்றில் நான்கு வாய்ப்புத்தான், ஆகவே கவனித்துப் பார்க்க வேண்டிய விசயம். ஆனால் அதையும் மறுநாள் திரும்பச் செய்து பாருங்கள். ஏனென்றால் இருபத்தைந்து வீடுகளில் இந்தச் சோதனை நடந்தால், ஒரு வீட்டில் அதிர்ஷ்டத்தாலேயே பன்னிரண்டு வந்துவிடும். வட்ஸ்அப்பில் சுற்றப்போவது அந்த ஒரு வீட்டின் கதைதான், மற்ற இருபத்துநான்கின் கதை அல்ல.

இந்த முறையில் ஒரு குறை இருப்பதை மறைக்கக் கூடாது. அம்பிளிபயரை நிறுத்தி, மாற்றி, மீண்டும் போட ஒரு நிமிடமாவது போகும். நுண்ணிய ஒலி வேறுபாட்டை நாம் நினைவில் வைத்திருப்பது சில விநாடிகள்தான். ஆகவே மிக நுண்ணிய வித்தியாசம் இதில் தப்பிவிடலாம். ஆனால் 'பாடகர் முன்னால் வந்து நிற்கிறார்' என்பது நுண்ணிய வித்தியாசம் அல்லவே. காதை நம்பாதவர்கள் கணினியை நம்பலாம். அம்பிளிபயரின் பதிவு வெளியீட்டிலிருந்து கணினிக்கு வயர் கொடுத்து, ஒடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் பாட்டில்லாத அமைதியை இரண்டு விதமாகவும் பதிந்து, இரைச்சல் அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஒரு நல்ல பின்னேர வேலை.

விற்பவர்கள் பலர் சொல்லும் இன்னொரு கதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: 200 மணித்தியாலம் ஓடினால்தான் பிளக் பொயின்ற் 'பழகும்' என்பது. மாலையில் மூன்று மணித்தியாலம் பாட்டுக் கேட்பவருக்கு அது 67 நாள். இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள உரிமை 14 நாள். அதற்குள் பழகுவது எது என்று யோசித்தால், நம்முடைய காதுதான்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் அண்ணருடைய பெரிய பாஸ் பெட்டியின் பின்பக்க உலோகத்தைத் தொட்டார். விரல் கிறுகிறுத்தது. "அது எப்பவும் அப்படித்தான்" என்றார் அண்ணர். யேர்மனிக்குக் கலியாணத்துக்குப் போனபோது மலிவாக வாங்கி வந்த பெட்டி அது. ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல் ஒன்றும் எப்போதும் இருந்தது. பிளக் பொயின்றை மாற்றினால் அதுவும் போகும் என்று அவர் நம்பியிருந்தார்.

இங்கேதான் பிளக் பொயின்ற் உண்மையில் முக்கியமாகிறது. டென்மார்க்கின் பிளக் பொயின்றைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கண், கீழே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் ஏர்த். யேர்மன் பிளக்கில் ஏர்த் இருப்பது பக்கவாட்டில், இரு உலோகப் பட்டைகளாக. யேர்மன் பிளக்கை டேனிஸ் பொயின்றில் செருகலாம், மின்சாரமும் வரும், பெட்டியும் பாடும். ஆனால் ஏர்த் எங்கேயும் தொடாது. இப்படியான பெட்டிகளின் உள்ளே, இரைச்சலை வடிகட்ட, மின் வயர்களிலிருந்து உலோக உடலுக்குச் சிறு கொள்ளளவிகள் வைத்திருப்பார்கள். ஏர்த் இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். இல்லையென்றால் உடல் 115 வோல்ற் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விரல் கிறுகிறுப்பதோடு நிற்கிறது. உள்ளே ஒரு வயர் கழன்று உடலில் பட்டால் அது கிறுகிறுப்பாக இருக்காது. வீட்டிலுள்ள எச்.பி.எவ்.ஐ ரிலே 30 மில்லி அம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் ஏர்த் இல்லாத பெட்டியில் அந்தக் கசிவு முதலில் போகும் வழி, தொடுகிற ஆளின் உடம்புதான்.

யேர்மனியிலிருந்தோ அங்குள்ள கடைகளின் இணையத்தளங்களிலிருந்தோ பொருள் வாங்காத நம்மவர் வீடு குறைவு. போய்ப் பாருங்கள். உலோக உடலுள்ள எதுவும், அம்பிளிபயர், கணினி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், பக்கப் பட்டையுள்ள பிளக்கோடு நேராகச் சுவரில் இருந்தால், அதற்கென்று விற்கும் ஏர்த் அடப்ரர் வேண்டும், அல்லது பிளக்கை டேனிஸ் பிளக்காக மாற்ற வேண்டும். சுவரில் உள்ளதே சிரிப்பில்லாத வெறும் இரண்டு கண் என்றால் அடப்ரராலும் பயனில்லை, மின்பணியாளரைத்தான் கூப்பிட வேண்டும். ஆடும், சூடாகும், கறுத்துப்போன பொயின்றுக்கும் அதேதான்.

மண்டபங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். அரங்கேற்றத்திலோ கலைவிழாவிலோ ஸ்பீக்கர் உறுமினால், ஏர்த்தைக் கழற்றினால் உறுமல் நிற்கும் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். நிற்கவும் செய்யலாம், இரண்டு இடத்து ஏர்த் ஒரு வளையமாகி அதில் 50 ஹேர்ட்ஸ் உறுமல் ஓடுவது சாதாரணம். ஆனால் 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் மேடையில் நின்ற கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, ஏர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுங்கள், அல்லது ஒலி வயரில் தனிமைப்படுத்தும் மின்மாற்றியைப் போடுங்கள். பிள்ளைகள் கையில் மைக்கைக் கொடுக்கும் மேடையில் ஏர்த்தை மட்டும் தொடாதீர்கள்.

அண்ணர் வீட்டுக்குத் திரும்புவோம். அவருடைய சுவரில் சிரிப்பு இருந்தது. சில பத்துக் குரோனர் அடப்ரர் ஒன்று போட்டோம். கிறுகிறுப்பு உடனே நின்றது, உறுமல் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. பிறகு ஸ்பீக்கர்களைப் பார்த்தோம். கொங்கிரீற் சுவர், இரண்டரை மீற்றர் உயரம், ஐந்து மீற்றர் நீளம், தரையில் வெறும் பலகை. ஐந்து மீற்றர் நீளத்துக்கு 34 ஹேர்ட்ஸிலும், அந்த உயரத்துக்கு ஏறக்குறைய 69 ஹேர்ட்ஸிலும் அறையே சேர்ந்து பாடும். மிருதங்கத்தின் தொப்பி ஒரு கதிரையில் இருந்தால் பொங்கும், மறு கதிரையில் காணாமற் போகும். மூலைக்குள் ஒட்டி நின்ற பெட்டிகளை அரை மீற்றர் முன்னே இழுத்தோம். அக்கா அலுமாரிக்குள் சுற்றி வைத்திருந்த தடித்த கம்பளத்தை விரித்தோம். யார் காதும் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை, சமையலறையிலிருந்து வந்த அக்காவே நின்று கேட்டார்.

குளிர வைத்த பொயின்றை அண்ணர் இன்னும் கைவிடவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் ஒன்று இருக்கிறதாம், அவருடைய வீட்டிலேயே மாட்டியிருக்கிறதாம். மகன் நாணயம் சுண்டச் சம்மதித்திருக்கிறார். பதினாறில் பன்னிரண்டு வராவிட்டால் வாங்குவதில்லை என்று தகப்பனும் மகனும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.